மூணாறு தாண்டி ஓர் இறக்கம்

கொச்சிக்காரர்களின் மூணாறு பெரும்பாலும் இரவிகுளம் தேசியப் பூங்காவின் ராஜமலையோடு முடிந்துவிடும். விடியுமுன் கிளம்புவார்கள். தேயிலைச் சரிவில் படம் எடுப்பார்கள், வரையாட்டைப் பார்ப்பார்கள், வீட்டுக்குச் சாக்லேட் வாங்கிக்கொண்டு வந்த வழியே இறங்கிவிடுவார்கள். காக்கநாடு இன்ஃபோபார்க் கேண்டீனில் விசாரித்துப் பாருங்கள், இரவிகுளம் போகாதவர்கள் குறைவு. அங்கிருந்து மறையூர், சின்னாறு வழியாக உடுமலைக்கு இறங்கியவர்கள் அதைவிடக் குறைவு. எனக்கோ அந்தச் சாலையின் ருசி முழுவதும் அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது.

நாங்கள் நான்கு பேர். வண்டி ஓட்டியவர் திருச்சூர்க்காரர், வயதில் மூத்தவர், அதனால் எல்லோருக்கும் சேட்டன். ஒருவன் உடுமலைப்பேட்டை, ஒருவன் சிவகாசி, நான்காவது நான். வரையாடுகள் குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் இரவிகுளத்தைப் பார்வையாளர்களுக்கு மூடிவிடுவார்கள். திறந்த கையோடு ஏப்ரலில் போனால் குட்டிகளைப் பார்க்கலாம் என்றான் உடுமலைக்காரன். வெயில் காலத்தில் மலைக்கா என்று சேட்டன் முனகினார். ஆனால் ஏப்ரலில் போனதால்தான் அந்தச் சாலை தன் இரண்டு முகத்தையும் எங்களுக்குக் காட்டியது.

பள்ளிக்கரை, கிழக்கம்பலம், பெரும்பாவூர், கோதமங்கலம் எல்லாம் இருட்டில் கடந்து போயின. வெளிச்சம் வந்தது நேரியமங்கலத்தில். பெரியாற்றின் மேல் 1935-இல் திறக்கப்பட்ட வளைவுப் பாலம் அங்கே இருக்கிறது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தை மலையாளிகள் கொல்லவருடக் கணக்கில் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்பார்கள். மூணாறுக்கான பழைய மலைப்பாதை அதில் சிதைந்த பிறகு போட்ட சாலைக்காகக் கட்டிய பாலம் இது. அகலம் போதாது. லாரி ஒன்று உள்ளே நுழைந்துவிட்டால் எதிரே வருகிறவர் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். பொறுத்திருக்கிற நேரத்தில் வளைவுகளின் நிழல் ஆற்றில் விழுவதைப் பார்க்கலாம். அங்கே ஒரு தட்டுக்கடையில் கட்டன் சாயாவும் பழம்பொரியும் ஆயிற்று. சீயப்பாறை மழைக்காலத்தில் ஏழு படியாக இறங்கி ரோட்டில் நிற்பவரை நனைக்கும். அன்று பாறையில் ஈரம் மட்டும்தான் இருந்தது. வண்டியை நிறுத்தவில்லை.

ஐந்தாம் மைலில் சொந்த வண்டியை விட்டுவிட்டு வனத்துறைப் பேருந்தில் ஏற வேண்டும். நல்ல ஏற்பாடு. நாங்கள் ஓட்டிக்கொண்டு போயிருந்தால் சிவகாசிக்காரன் பாட்டை நிறுத்தியிருக்க மாட்டான். இரவிகுளம் 97 சதுர கிலோமீட்டர். 1975-இல் சரணாலயமாகி, 1978-இல் தேசியப் பூங்கா ஆனது. கேரளத்தின் முதல் தேசியப் பூங்கா. அதற்கு முன் தேயிலைத் துரைமார்களின் வேட்டைக்காடு. முத்துவர்கள் அவர்களுக்குக் காவலாக இருந்தார்கள். தாங்கள் சுடுவதற்கு மிருகம் மிஞ்ச வேண்டும் என்று துரைமார்கள் காத்த புல்வெளிதான் தேயிலை ஏறாமல் தப்பித்தது என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

வரையாட்டைத் தேட வேண்டிய அவசியமில்லை. உலகில் மிஞ்சியிருக்கும் வரையாடுகளின் ஆகப் பெரிய கூட்டம் இங்கேதான், அதிலும் ராஜமலைக் கூட்டத்துக்கு மனிதப் பயம் விட்டுப்போய் வெகுகாலம் ஆகிறது. 1970-களின் இறுதியில் இங்கே தங்கி ஆராய்ந்த கிளிஃபோர்ட் ரைஸ் உப்பு வைத்துப் பழக்கினார் என்பார்கள். பாதை ஓரத்துச் சுவரில் ஒரு பெட்டை நின்றது, கை நீட்டினால் எட்டும் தூரத்தில். “தொடாதீங்க, தொடாதீங்க” என்று காவலர் அலுப்போடு சொல்லிக்கொண்டே போனார்.

அந்தப் பெட்டையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். கொம்பு பின்னால் வளைந்து போகிறது. வெளிப்பக்கம் உருண்டை, உள்பக்கம் ஏறக்குறைய தட்டை. கிட்டே நின்றால்தான் இது தெரியும், படத்தில் தெரியாது. நெடுக நெருக்கமான வரிகள். முன்னங்கால் முட்டியில் ஒரு கறுப்புத் திட்டு, மண்டியிட்டு மண்டியிட்டுக் காய்த்தது போல. குளம்பு இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஓரம் கடினம், நடுவில் மெத்து. பாறையின் விளிம்பில் கால் வைத்ததும் அந்தப் பிளவு சற்றே அகன்று கல்லைப் பற்றியது. பற்றிவிட்டதா என்று அது குனிந்து பார்க்கவில்லை. பின்னாலேயே வந்த குட்டி மட்டும் ஒரு கணம் தயங்கி, தாய் வைத்த அதே இடத்தில் காலை வைத்தது. கொஞ்சம் மேலே கிழட்டுக் கிடா ஒன்று. உடம்பெல்லாம் கருத்து, முதுகில் மட்டும் சேணம் போட்ட மாதிரி வெள்ளி நரை. தமிழ்நாட்டின் மாநில விலங்கை நான்கு பேரும் கேரளத்தில் டிக்கெட் எடுத்துப் பார்க்கிறோம் என்றான் சிவகாசிக்காரன். இ.ஆர்.சி. தாவிதார் நினைவாக அக்டோபர் 7-ஐத் தமிழ்நாடு வரையாடு தினமாகக் கொண்டாடுகிறது என்று நான் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை, குட்டி துள்ளிக்கொண்டிருந்தது.

ஆனைமுடி 2,695 மீட்டர். இமயமலைக்குத் தெற்கே அதைவிட உயரம் கிடையாது, ஆனாலும் அந்த அலட்டலே இல்லாத மலை. மழுங்கிய தலை, வழவழப்பான பாறைச் சரிவு, அவ்வளவுதான். அழகு அதன் மடிப்புகளில் இருக்கிறது. சரிவெங்கும் புல், இரண்டு சரிவு கூடும் பள்ளத்தில் மட்டும் சோலை. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலம் எதுவும் இல்லை. புல் முடிகிற இடத்தில் மரம் தொடங்கிவிடுகிறது. மரங்கள் குட்டை, கிளைகள் முறுக்கல், தண்டெல்லாம் பாசி. தளிர் செம்பிலும் மஞ்சளிலும் வருவதால் தூரத்தில் சோலை ஒரே பச்சையாகத் தெரிவதில்லை. ஓரத்தில் இடுப்பளவுப் புதர்களாக நீலக்குறிஞ்சி. 2018-இல் பூத்தது, இனி 2030. அதுவரை யாரும் நின்று பார்க்காத செடி.

இங்கேதான் மற்றவர்கள் திரும்புவார்கள். நாங்கள் வடக்கே போனோம்.

கன்னிமலை, வாகுவரை, தலையாறு என்று எஸ்டேட்டுகள் வருகின்றன. தொழிலாளர் லயங்களின் வாசலில் காயும் துணி, ஒரு முருகன் கோயில், ஒரு மாதா கெபி. லக்கம் அருவி தாண்டியதும் சாலை இறங்கத் தொடங்குகிறது. முதலில் காதுக்குத் தெரிந்தது, அடைப்பு விட்டது. அடுத்து தோலுக்கு, காற்றில் ஈரம் போய்விட்டது. கண்ணுக்குத்தான் கடைசியில் தெரிந்தது. தேயிலை எந்த வளைவில் நின்றது என்று நால்வரில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. மேலே ஆண்டுக்குச் சில ஆயிரம் மில்லிமீட்டர் மழை, கீழே சின்னாற்றில் ஏறத்தாழ 500. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவருவதையெல்லாம் ஆனைமுடியின் மேற்குச் சரிவே வாங்கிக்கொண்டு, கிழக்குக்கு வெறும் காற்றை அனுப்புகிறது.

மறையூர்ப் பள்ளத்தாக்கில் கரும்பு. அஞ்சுநாடு எனப்படும் இந்தப் பகுதி ஊர்களின் பழைய குடிகள் மதுரைப் பக்கமிருந்து வந்தவர்கள் என்பது அங்கே வழங்கும் கதை. பேச்சு இன்னும் தமிழ்தான். ரோட்டோர ஆலைக்கொட்டகையில் நுழைந்தோம். பிழிந்த சக்கையையே காயவைத்து அடுப்பில் திணிக்கிறார்கள். அகலமான கொப்பரையில் பாகு முதலில் பொங்கிப் பச்சை நுரை தள்ளுகிறது, பிறகு அடங்கி, கனத்த குமிழ்களாக உடைகிறது. பதம் வந்ததும் மரத்தொட்டியில் ஊற்றி, ஆறுமுன் கையாலேயே உருட்டுகிறார்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லம் இதுதான். உருண்டையைத் திருப்பிப் பார்த்தால் உருட்டியவரின் விரல் பதிந்திருக்கிறது. என் கையில் வந்ததில் நான்கு விரல் பள்ளம் தெளிவாக இருந்தது. நாக்கில் இனிப்புக்கு முன்னால் லேசாக ஒரு புகை. கடையில் வாங்கும் மஞ்சள் வெல்லத்தில் அது இருக்காது.

சந்தனக்காடு ஏமாற்றும். கமகமக்கும் என்று கண்ணாடியை இறக்கியவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. மணம் வைரத்தில், மரத்தை அறுத்தால்தான். நிற்கும் மரம் சாதாரணமானது. மெல்லிய தண்டு, எதிரெதிராக இலை, அக்கம்பக்கத்து வேரிலிருந்து உறிஞ்சிப் பிழைக்கிற குணம். வித்தியாசம் என்னவென்றால் ஒவ்வொரு மரத்துக்கும் எண் உண்டு, சாலை நெடுகக் கம்பி வேலி உண்டு. இப்படிக் காவல் காக்கிற காட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வேலிக்கு உள்ளே ஒரு காட்டெருமை அசை போட்டுக்கொண்டிருந்தது, அதுவும் காவலுக்கு வைத்தது என்றார் சேட்டன்.

மறையூருக்குக் கீழே சின்னாறு சரணாலயம். சுமார் 90 சதுர கிலோமீட்டர், 1984-இல் அறிவித்தது. கிட்டத்தட்ட 16 கிலோமீட்டர் சாலை அதன் வயிற்றுக்குள்ளேயே போகிறது. சிவகாசிக்காரன் முகம் வாடிவிட்டது.

“என்ன மச்சி, காடு முடிஞ்சுபோச்சா?”

“இப்பத்தான்டா ஆரம்பிக்குது” என்றான் உடுமலைக்காரன்.

வெள்வேல், உசிலை, திருகிய கள்ளி, இலை உதிர்த்து நிற்கும் வெட்பாலை. செம்மண். பாறையின் வெப்பம் கண்ணாடி வழியாக அடிக்கிறது. “எங்க ஊர்ல ஆட்டுக்கு ஒடிச்சுப் போடுற மரம்டா இது” என்றான் சிவகாசிக்காரன் வெள்வேலைக் காட்டி. உசிலையைப் பார்த்து, “அரப்பு, எங்க ஆத்தா தலைக்குத் தேய்ப்பாங்க” என்றான் உடுமலைக்காரன். மேலே குறிஞ்சிக்கும் சோலைக்கும் எங்களிடம் ஒரு சொந்த வார்த்தை இருக்கவில்லை. இங்கே ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு வீட்டுக் கதை வந்தது. சேட்டன் முதல் தடவையாக வேகத்தைக் குறைத்தார். படையப்பா என்ற கொம்பன் இந்தப் பக்கம் வருவதுண்டு, பேருந்தையே மறித்து நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். ரஜினி படத்தின் பெயரை ஒரு யானைக்கு வைத்துவிட்டு, அது வந்து நின்றால் கை தட்டவா முடியும்?

அன்று படையப்பா வரவில்லை. வந்தது வேறு ஒன்று. சின்னாறு சோதனைச்சாவடிக்குப் பக்கத்தில், ஆறு ஓடும் வரியில் மட்டும் திடீரென்று உயர்ந்த மரங்கள், நீர்மருதும் புங்கும். அந்த உச்சிக் கொப்பில் சாம்பல் நிற மலையணில். வாலை முதுகின் மேல் சரித்துக்கொண்டு, பின்னங்காலால் கொப்பைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கி, முன்கை இரண்டாலும் ஒரு காயைத் திருப்பித் திருப்பிக் கடித்தது. தோல் துணுக்குகள் எங்கள் காலடியில் விழுந்தன. வாலின் முடி நுனியில் நரைத்திருப்பது வெயில் பின்னாலிருந்து விழுந்தபோது தெரிந்தது. இதற்கென்றே ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் இருக்கிறது, சிவகாசியிலிருந்து கூப்பிடு தூரம். சிவகாசிக்காரன் அங்கே ஒருநாளும் போனதில்லையாம். கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து நின்றான்.

சாவடிப் பாலத்தைத் தாண்டினால் தமிழ்நாடு, ஆனைமலைப் புலிகள் காப்பகம். காடு அதே காடு, பலகையில் எழுத்து மட்டும் மாறுகிறது. மேலே புல்வெளியில் கசிந்த நீர் பாம்பாறாகி, சின்னாறோடு சேர்ந்து அமராவதியாகிக் கிழக்கே போகிறது. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் ஆறுகள் மூன்றே, அதில் பாம்பாறு ஒன்று. ஒன்பதாறு சோதனைச்சாவடியில் வண்டி எண்ணை எழுதிக்கொண்டு, பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அமராவதி அணையோரம் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிடும்போதே திரும்புகிற வழியைப் பற்றித் தகராறு. பொள்ளாச்சி, பாலக்காடு, திருச்சூர் என்று போனால் நேரம் மிச்சம், சேட்டனுக்கு வீடும் வழியில். ஆனால் அவரே தலையாட்டவில்லை.

“வந்த வழியே கேறலாம்” என்றார். “கள்ளியில தொடங்கி சோலைக்குப் போனா எப்படி இருக்கும்னு பாக்கணும்.”