இரண்டு இலை, ஒரு கறிதோசை

ஒரு கறிதோசையைத் தனியாளாகச் சாப்பிட்டு முடித்தவருக்கு அன்றைய இரவு அதோடு முடிந்துவிடும். பக்கத்து மேசைக்குப் போகும் கோலா உருண்டையைப் பார்க்கலாம், வயிற்றில் இடம் இருக்காது. ஏழெட்டுப் பேராகப் போனாலோ மேசை நிறையும், பேச்சும் நிறையும். குழம்பில் மிளகு தூக்கலா, சோம்பு தூக்கலா என்று கவனிக்க ஆள் இருக்காது. ஒரு ஊரின் உணவகங்களை ருசி பார்க்க இரண்டு பேர்தான் சரியான கணக்கு. மதுரையில் கணவனும் மனைவியுமாகக் கடை கடையாய் ஏறி இறங்கும் ஜோடிகள் இதை யாரும் சொல்லித் தராமலே தெரிந்துவைத்திருக்கிறார்கள். இலை இரண்டு போடச் சொல்வார்கள். பண்டம் ஒன்று சொல்வார்கள். அது தீர்ந்த பிறகுதான் அடுத்தது.

இந்தப் பழக்கத்துக்கு அப்படியொன்றும் வயதாகிவிடவில்லை. போன தலைமுறையில் அசைவ மெஸ் என்பது பெரும்பாலும் ஆண்கள் நுழையும் இடம். வீட்டிலிருந்த பெண்களுக்குப் பார்சல் வந்தது. வாழை இலையில் மடித்துச் செய்தித்தாள் சுற்றிய பரோட்டா வீடு வந்து சேர்வதற்குள் வியர்த்து, மொரமொரப்பு போய், துணியாகத் துவண்டிருக்கும். குடும்பத்தோடு கடைக்கே போனால் ‘பேமிலி ரூம்’ என்று ஒன்றைக் காட்டுவார்கள். திரை போட்ட அந்தத் தடுப்புக்குள் உட்கார்ந்தால் மின்விசிறிச் சத்தம் கேட்கும், தோசைக்கல் கண்ணுக்குத் தெரியாது. தமிழ்நாட்டுக் கடைகளில் சமையலின் பாதி வாசலில், எல்லோரும் பார்க்கத்தான் நடக்கிறது. அந்தப் பாதி பெண்களுக்கு மறைக்கப்பட்டிருந்தது. இன்று வாசலோர மேசையைத் தேடிப் பிடித்து, கல்லைப் பார்த்தபடி உட்காரும் மனைவிமார்களைப் பார்க்கும்போது, பழைய பாக்கி ஒன்று வசூலாவது தெரிகிறது.

இந்த உலாவுக்கு மதுரை தோதான ஊர். மீனாட்சியம்மன் கோயிலை நடுவில் வைத்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் ஒன்றைச் சுற்றி ஒன்றாகப் போகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது கிடைத்த இடத்தில் எழுந்தவைதான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் வெளி வீதிகளும். ஊரின் பழைய பகுதி முழுதும் நடைதூரத்துக்குள் அடங்கியிருப்பதால், ஒரு கடையில் பாதி வயிறும் இன்னொன்றில் மீதியும் நிரப்பலாம். நடுவில் நடக்கும் நடை அடுத்த பசியைக் கிளப்பிவிடும். தூங்கா நகரம் என்ற பெயருக்கு ஏற்ப, மற்ற ஊர்கள் கதவடைக்கும் நேரத்திலும் இங்கே ஏதாவது ஒரு கல் சூடாகவே இருக்கும்.

முதல் நிறுத்தம் சிம்மக்கல். கறிதோசை என்றதும் ஊரார் கை நீட்டுவது இங்குள்ள கோனார் கடையைத்தான். பண்டம் எப்படி உருவாகிறது என்பதை அருகில் நின்று பார்க்க வேண்டும். ஊத்தப்பக் கனத்துக்கு மாவை வட்டமாக ஊற்றுகிறார் மாஸ்டர். அடி வெந்து, மேல்புறம் இன்னும் ஈரமாக இருக்கும்போதே அடித்த முட்டையை ஊற்றிப் பரப்புகிறார். முட்டை இறுகுவதற்குள், முன்பே மசாலாவில் வெந்து சுண்டிய கொத்துக்கறி அதன்மேல் இறங்குகிறது. பிறகு எண்ணெய், பிறகு ஒரே திருப்பு. இந்த வரிசையில் நேரம்தான் வித்தை. கறி முந்தினால் மாவுக்குள் புதைந்து அவிந்த வாடை அடிக்கும். பிந்தினால் முட்டையில் ஒட்டாமல், திருப்பும்போது கல்லெல்லாம் சிதறும். திருப்பிய பின் கறி நேராகக் கல்லில் படுகிறது. அதன் விளிம்புகள் கருகாமல் முறுகுவதற்காகத் தீயைத் தணித்துக் காத்திருக்கிறார்கள். வெட்டிப் பார்த்தால் மூன்று அடுக்கும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். வாயில் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நடுத்துண்டு கணவருக்கு, ஓரத்து முறுகல் மனைவிக்கு என்று சில ஜோடிகளிடம் எழுதாத ஒப்பந்தம் உண்டு. “ஏங்க, இது சும்மா சுக்காக் கறி இல்லைங்க, ஈரலும் சேர்த்துக் கொத்தியிருக்காங்க போல” என்று ஒருவர் சந்தேகத்தைக் கிளப்ப, மற்றவர் இன்னொரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு வழக்கை விசாரிப்பார். தனியாகச் சாப்பிடுகிறவருக்குத் தன் நாக்குதான் வாதி, அதுவே நீதிபதி. எதிரே இன்னொரு நாக்கு இருந்தால்தான் அப்பீலுக்கு வழி. வீட்டில் கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவர் குழம்பைப் பிரித்துப் பார்ப்பார்: தேங்காய் அரைத்து ஊற்றியதா, வறுத்து அரைத்ததா, பட்டை கிராம்பு மட்டும்தானா, கல்பாசியும் உண்டா? மற்றவருக்கு அந்த நுணுக்கம் எட்டாது. ஆனால், “போன கடையைவிட இங்கே நெஞ்சு கரிக்கலை” என்று அவர் சொல்லும் ஒரு வரியும் சரியான விமர்சனம்தான்.

பரோட்டாக் கடையில் நாக்கை விடக் கண்ணுக்கு வேலை அதிகம். மைதாவைப் பிசைந்து, உருண்டை பிடித்து, எண்ணெய் தடவி ஊற வைத்திருப்பார்கள். மாஸ்டர் ஒன்றை எடுத்துக் கையால் தட்டி விரித்து, மேடையில் வீசி அடிக்க அடிக்க, அடியிலுள்ள மேடைக் கல் தெரியும் அளவுக்கு மாவு மெலிகிறது. அதைக் கொசுவிச் சுருட்டி வைத்து, பிறகு அமுக்கிக் கல்லில் போடுகிறார். வெந்ததும் நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரு கைகளாலும் பக்கவாட்டில் படீரென்று தட்டும்போது அடுக்குகள் பிரிந்து ஆவி பறக்கிறது. சூடு ஆறிவிட்டால் இந்தத் தட்டலால் பயனில்லை. அடுக்கு பிரியாது, பிய்ந்துதான் போகும். அதனால்தான் கூட்டமுள்ள கடையின் பரோட்டா எப்போதும் ஒரு படி மேலே நிற்கிறது. இரண்டு பரோட்டா வாங்குகிற ஜோடி ஒன்றைச் சால்னாவில் ஊற விட்டு, இன்னொன்றை வெறுமனே பிய்த்துச் சாப்பிட்டுப் பார்க்கட்டும். சால்னா நல்ல கடை வேறு, பரோட்டா நல்ல கடை வேறு என்பது அப்போதுதான் புரியும். இரண்டும் ஒரே இடத்தில் அமைவது அபூர்வம். குட்டியாய், கனமாய், உள்ளே பஞ்சாக இருக்கும் பன் பரோட்டா மதுரைக்காரர்களின் தனிச் செல்லம். அதற்கு மட்டும் சால்னாவைத் தாராளமாக ஊற்றச் சொல்லலாம்.

அசைவம் மட்டுமே மதுரை என்று நினைப்பவர்கள் பாதி ஊரை விட்டுவிடுகிறார்கள். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போன முருகன் இட்லிக் கடை இந்த ஊரில் பிறந்ததுதான். தட்டில் ஈரத்துணி விரித்து வேக வைக்கும் இட்லியின் அடியில் துணியின் நெசவு பதிந்திருக்கும். விரலால் அமுக்கினால் குழிந்து, விட்டதும் எழும்ப வேண்டும். திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிய தெருக்களில் வாழும் சௌராஷ்டிர மக்களின் கைப்பக்குவத்தில் வரும் முள்ளு முருங்கை வடை இன்னொரு ரகம். முள்ளு முருங்கை இலையை அரிசியோடு அரைத்துத் தட்டி எண்ணெயில் போட்டால், பச்சை நிறத்தில் பூரியாக உப்பி வரும். மேலே காரப் பொடி தூவிக் கொடுப்பார்கள். சளிக்கு நல்லது என்று மழைக்காலத்தில் தேடி வாங்குவார்கள். சளி இல்லாதவர்களும் வாங்குவார்கள்.

மெஸ்ஸுக்கு மதியம்தான் நேரம். அழகர்கோயில் சாலையிலுள்ள அம்மா மெஸ்ஸில் எலும்பு மஜ்ஜை ஆம்லெட், நண்டு ஆம்லெட் என்று பட்டியல் நீளும். அயிரை மீன் குழம்புக்குப் பின்னாலுள்ள உழைப்பு சாப்பிடுகிறவர் கண்ணில் படுவதே இல்லை. விரல் நீளம்கூட இல்லாத ஆற்று மீன் அது. உயிரோடு வாங்கி, மண் வாடை போக உப்புப் போட்டு அலசி, பாலில் நீந்த விட்டு, பிறகு முழுதாகவே புளிக்குழம்பில் போடுகிறார்கள். முள்ளெடுக்கும் வேலையில்லை. ஒரு கிண்ணம் வாங்கினால் இரண்டு பேரின் சோற்றுக்கும் காணும்.

பரிமாறுகிறவரிடம் கேட்பதிலும் பக்குவம் வேண்டும். “என்னண்ணே இருக்கு?” என்றால் மனப்பாடமாக இருபது பெயர்கள் மூச்சுவிடாமல் வரும். “இப்ப இறக்கினது எதுண்ணே?” என்று கேட்டால் அவர் ஒரு நொடி நின்று, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றையோ இரண்டையோ சொல்வார். அதை வாங்க வேண்டும்.

முடிவில் விளக்குத்தூண். பிளாக்பர்ன் நினைவாக நிறுத்திய அந்தத் தூணுக்கு அருகேதான் ஜிகர்தண்டாவுக்குக் கூட்டம் மொய்க்கிறது. சுண்டக் காய்ச்சிய பால், ஊறிய கடல்பாசி அல்லது பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். பாலைச் சுண்டக் காய்ச்சிய விதத்தில்தான் கடைக்குக் கடை வித்தியாசம். நிறம் வெள்ளையாக இருந்தால் அவசரப்பட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இளம் பழுப்பேறி, ஆடையின் துணுக்குகள் நாவில் தட்டுப்பட்டால் அது பொறுமையாகக் காய்ச்சிய பால். இதை மட்டும் ஒரே கிளாஸில் பகிர்ந்துகொள்ள முயல வேண்டாம், சண்டை வரும்.

மதுரைக்கு மாற்றலாகி வரும் தம்பதியர் பெரிய ஓட்டல்களின் குளிரூட்டிய கூடத்தை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். முதல் மாதம், வாரத்துக்கு ஒரு சாயங்காலம், ஒரு வீதி என்று வைத்துக்கொண்டு நடந்தே போங்கள். பேமிலி ரூம் காலியாக இருக்கிறது என்று யாராவது உள்ளே கை காட்டினால் நன்றி சொல்லிவிட்டு, கல்லுக்கு எதிரேயுள்ள மேசையைக் கேளுங்கள்.