மூங்கில் சிலாகை

வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று வானேறும் பெரிய பட்டங்களைப் பார்ப்பவர்கள் தாளின் நிறத்தில் மயங்குவார்கள். என் கண் போவது உள்ளே இருக்கும் மூங்கிலுக்கு. பச்சை மூங்கில் ஆகாது. பாரம், காய்ந்ததும் முறுக்கிக்கொள்ளும். நன்றாகக் காய்ந்ததைப் பிளந்து, உள்பக்கத்து மென்மையை மட்டும் சீவ வேண்டும். பலமெல்லாம் தோலை ஒட்டிய நாரில்தான். அதில் கத்தி படக் கூடாது. கணு மற்ற இடம்போல் வளையாது. அது ஒரு பக்கமாக விழுந்தால் பட்டம் சாயும். சீவிய சிலாகையின் நடுவை விரலில் நிறுத்திப் பாருங்கள். தாழும் பக்கத்தை இன்னும் கொஞ்சம் சீவலாம். அந்தப் பொறுமை எத்தனை அழகு!

சின்னப் பட்டத்துக்குத் தென்னை ஈர்க்கே போதும். அடி தடிப்பு, நுனி மெலிவு என்பதால், இரண்டைத் தலைமாற்றி வைத்துக் கட்டுங்கள்.