மின்னணு நடன இசை: ஓர் ஒப்பீடு

மின்னணு நடன இசை முழுவதும் ஒரே இரைச்சல் எனக் கூறி ஒதுக்குவார் பலர். அதனை விரும்பிக் கேட்போரிலும் சிலர், நிமிடத்திற்கு எத்தனை அடி என்று எண்ணி, வேகத்தைக் கொண்டு மட்டுமே வகை பிரிப்பர். வெண்பாவையும் ஆசிரியப்பாவையும் அடிகளை எண்ணிப் பிரிக்க முற்படும் மாணவனின் நிலையே இவர்கள் நிலையும். செப்பலோசையும் அகவலோசையும் செவியில் படாதவரை யாப்பு விளங்காது. ஹவுஸ், டெக்னோ, ஜங்கிள் என்னும் மூவகைகளை ஒப்புநோக்கின், இவ்விசைக்கும் அதுவே விதி என்பது புலனாகும்.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1977ஆம் ஆண்டு 'வேர்ஹவுஸ்' என்னும் நடனக்கூடம் தொடங்கியது. அங்கு இசைத்தட்டுகளைத் தேர்ந்து ஒலிக்கச் செய்தவர் பிராங்கி நக்கிள்ஸ். ஆடவந்தோருள் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வழியினருமான ஒருபால் விருப்பினர். வெளியே மதிப்பிழந்து நின்றவர்கள். 1979 ஜூலை 12ஆம் நாள் அந்நகரின் விளையாட்டரங்கு ஒன்றில் டிஸ்கோ இசைத்தட்டுகள் குவிக்கப்பட்டு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அவ்வாறு இகழப்பட்ட டிஸ்கோவின் உயிர்த்துடிப்பே தாள இயந்திரத்தில் ஏறி ஹவுஸ் ஆயிற்று. நான்கு அடிகளும் சம அழுத்தத்துடன் விழ, அவற்றின்மேல் தேவாலயப் பாடலின் சாயல் கொண்ட மனிதக்குரல் எழுகிறது. அக்குரல் கூட்டத்தை ஒன்றாக்குகிறது. ஹவுஸின் ஆற்றல் அதுவே.

டெட்ராய்ட் நகரத்து டெக்னோவுக்கும் அடிகள் நான்கே; கருவிகளும் பெரும்பாலும் அவையே. ஆயினும் கேட்பவர் நுழையும் உலகம் வேறு. யுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகிய கறுப்பின இளைஞர் மூவர், கார்த் தொழில் தளர்ந்துகொண்டிருந்த அந்நகரின் அருகே வளர்ந்தவர்கள். ஜெர்மனியின் கிராப்ட்வெர்க் குழுவினர் படைத்த இயந்திர இசையையும் தம் மக்களின் பங்க் இசையையும் அவர்கள் இணைத்தனர். குரல் பின்வாங்கியது, ஒலியின் நிறமே பொருளாயிற்று. இயந்திர இசைக்கு உணர்ச்சி இல்லை என்பார்க்கு, டெரிக் மே 1987இல் வெளியிட்ட 'ஸ்டிரிங்ஸ் ஆப் லைப்' தக்க விடையாகும். பியானோவும் நரம்பிசை ஒலிகளும் மட்டுமே அதில் ஏக்கத்தையும் எழுச்சியையும் ஒருங்கே உணர்த்துகின்றன.

1990களின் தொடக்கத்தில் இலண்டனில் வளர்ந்த ஜங்கிள், அந்த நான்கடி ஒழுங்கையே உடைத்தது. வின்ஸ்டன்ஸ் குழுவினர் 1969இல் வெளியிட்ட 'ஆமென் பிரதர்' என்னும் இசைத்தட்டில், கிரெகரி கோல்மன் சில நொடிகள் தனித்து வாசித்த தாளம் இவ்வகைக்கு அடிப்படையாயிற்று. அத்தாளத்தைத் துண்டுகளாக நறுக்கி, மாற்றி அடுக்கி, நிமிடத்திற்கு ஏறத்தாழ 160 அடிகளுக்கு மேல் விரையச் செய்தனர். அதன் கீழே ஜமைக்கா மரபின் கனத்த மந்தர ஒலி பாதி வேகத்தில் நடக்கிறது. ஆடுபவர் எந்த வேகத்தையும் பற்றிக்கொள்ளலாம். வேகத்தை மட்டும் எண்ணுவார் இந்த இரட்டை நடையைக் காணத் தவறுவர்.

மூன்றுக்கும் குறைகளும் உண்டு. ஹவுஸின் சொற்கள் பல வேளைகளில் வறியன. திரும்பத் திரும்ப வரும்போது அவ்வறுமை மறைவதில்லை. டெக்னோ கற்பனை வற்றும்போது வெறும் இயந்திரப் பயிற்சியாகிறது. ஜங்கிள் தன் நுணுக்கத்தில் தானே மயங்கி ஆடுபவரை மறப்பதுண்டு. ஆயினும் சேர்த்தல் ஹவுஸின் பண்பு, கனவு காணல் டெக்னோவின் பண்பு, உடைத்துப் புதுக்கல் ஜங்கிளின் பண்பு என்று கொள்வது பெரும்பாலும் பொருந்தும்.

இவ்வேறுபாட்டை அறிவது சுவைக்காக மட்டும் அன்று. எல்லாம் ஒன்றே எனும்போது படைத்தவர் பெயரும் மறைகிறது. எண்ணற்ற இசைத்தட்டுகளில் தம் தாளம் ஒலித்தும், கோல்மன் அதற்கென உரிமைத்தொகை எதுவும் பெறாமலேயே 2006இல் மறைந்தார். இன்னது எவரிடமிருந்து வந்தது எனப் பிரித்துக் காட்டுவது திறனாய்வின் கடமை. அதனைச் செய்யத் தவறின், நடனக்கூடத்தில் ஒலிப்பது கலையாக இருந்தும் இரைச்சலாகவே எண்ணப்படும்.