நீருக்குள் ஒரு சொல்: கடலடி இனங்களின் பேச்சு குறித்து

பங்கேற்போர் ஒவ்வொருவரும் ஒரு கற்பனை மாந்தரின் வேடத்தை ஏற்று, பகடை உருட்டியும் பேசியும் கதையை நடத்திச் செல்லும் பாத்திரமேற்று விளையாட்டுகளில் கடலடி இனங்கள் தொடக்கம் முதலே உண்டு. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டுக்கு அடுத்த ஆண்டே வந்த ‘பிளாக்மூர்’ என்னும் துணைநூல், சஹுவாகின் என்ற கொடிய மீன்மனித இனத்தை அறிமுகப்படுத்தியது. இத்தகைய இனங்கள் நீருக்குள் எவ்வாறு பேசிக்கொள்கின்றன என்ற வினாவை விதிநூல்கள் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் கடல்மாந்தருக்கு ‘அக்வான்’ மொழியும் பொதுமொழியும், சஹுவாகினுக்கு அதன் சொந்த மொழியும் குறிக்கப்பட்டிருக்கின்றன. அதற்கு மேல் விளக்கம் இல்லை. அக்வான் என்பது நீர், நெருப்பு முதலிய பூதங்களில் வாழ்வோருக்குரிய ஆதிமொழியின் நான்கு கிளைகளுள் ஒன்று, கிளைமொழி பேசுவோர் ஒருவர் பேச்சை மற்றவர் புரிந்துகொள்வர் என்பது விதி. ஆகவே நீரில் வாழ்வது சொல்வது நெருப்பில் வாழ்வதற்கும் விளங்கும். இந்த வேடிக்கையை நூலாசிரியர்கள் உணர்ந்து எழுதினார்களா என்பது ஐயமே.

இந்தச் சுருக்கத்துக்கு ஒரு வலுவான நியாயம் உண்டு. மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடப்படும் இவ்விளையாட்டின் மூலப்பொருளே பேச்சு. மாந்தர் வாயடைத்துப் போனால் அவரை ஏற்று நடிப்பவரும் வாயடைத்துப் போகிறார். கடலடி அரசவையில் சமரசம் பேச வந்த வீரர்கள் குமிழிகளை மட்டுமே வெளியிட முடியும் என்று விதி சொல்லுமானால், ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். எனவே நீருக்குள்ளும் பேச்சு இயல்பாக நடக்கும் என்று கொள்வதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது; அது நாடகமேடையில் கிசுகிசுப்பும் கடைசி வரிசைக்குக் கேட்பதைப் போன்ற ஒரு வழக்கு.

ஆனால் அந்த வழக்குக்குக் கொடுக்கப்படும் விலை பெரிது. அதே பதிப்பின் நீரடிப் போர் பற்றிய பகுதி, வாளின் வீச்சு தளர்வதையும் அம்பின் தொலைவு குறைவதையும் நெருப்பின் வேகம் தணிவதையும் கணக்கிட்டுச் சொல்கிறது. பேச்சைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. உண்மையில் நீர் மிகுதியாக மாற்றுவது ஒலியைத்தான். காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் ஒலி, கடல்நீரில் ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்கிறது. இரு காதுகளையும் ஒலி வந்தடையும் நேர வேறுபாட்டைக் கொண்டே மனித மூளை திசையை அறிவதால், வேகம் கூடும்போது அந்த வேறுபாடு சுருங்கித் திசை மயங்குகிறது. தொலைவிலிருந்தும் கேட்கும், எங்கிருந்து என்று தெரியாது. இரகசியம் பேசவும் இயலாது. குரல்வளைக்கு வேண்டிய காற்றோட்டமும் அங்கில்லை என்பதால், கத்தாழை மீன் தன் காற்றுப்பையைத் தசையால் அதிரச் செய்து ஒலியெழுப்புவதைப் போன்ற வேறோர் உறுப்பு அந்த இனங்களுக்குத் தேவைப்படும்.

‘மீன்பாடும் தேனாடு’ என்று பெயர் பெற்ற மட்டக்களப்பு, எழுப்புவது எது என்று தெரியாமல் ஒலி மட்டும் கேட்பதற்கு நல்ல சான்று. அங்குள்ள வாவியில், குறிப்பாகக் கல்லடிப் பாலத்தருகே நிலவுள்ள இரவுகளில், நீருக்கடியிலிருந்து இசை போன்ற ஒலி எழுவதாக நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. 1859இல் இலங்கை பற்றிய நூலை வெளியிட்ட எமர்சன் டெனன்ட், அந்த ஒலியைத் தாமே கேட்டதையும், படகின் மரத்தில் காதை வைத்தபோது அது பெருகியதையும் பதிவுசெய்தார். பாடுவது மீனன்று, ஊரி என்னும் ஓட்டுயிரினமே என்பது அவருக்கு மீனவர் சொன்ன விளக்கம். பாடுவது எது என்பது இன்றும் விவாதமாகவே இருக்கிறது. ஒலி கேட்கிறது, பேசுபவர் மட்டும் தென்படுவதில்லை. ஒரு கடலடி நகரத்தின் தெருவைக் கற்பனை செய்ய இதைவிடச் செழிப்பான தொடக்கம் கிடைப்பது அரிது, விதிநூல்களோ இதைத் தொடவில்லை.

குரல் உதவாத இடத்தில் மனிதர் வேறு மொழியை ஆக்கிக்கொள்கின்றனர். ஒரகடம், வடக்குப்பட்டு வட்டாரத்தைப் போன்ற தொழிற்பகுதிகளில் கிரேன் இயக்குபவருக்குக் கீழே நிற்பவர் கைச்சைகையாலேயே ஏற்று, இறக்கு, நிறுத்து என்று உணர்த்துகிறார். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பில் கல்லைக் காலில் பற்றிக்கொண்டு இறங்கியவருக்கும் படகில் இருந்தவருக்கும் இடையே இருந்தது ஒரு கயிறு. அதை இழுத்தால் மேலே தூக்க வேண்டும் என்பது பொருள். ஒரு மூச்சின் அளவே நீளும் அந்த உரையாடலில் ஒரே சொல்தான் உண்டு, அது தவறினால் உயிர் போகும். இத்தகைய இறுக்கம் விளையாட்டுக்குக் கேடன்று, உயிர்.

இந்த இறுக்கத்தை முற்றிலும் கரைத்துவிடுவது மனத்தொடர்பு, அதாவது ஒலியோ சைகையோ இன்றி எண்ணத்தை நேரே செலுத்தும் ஆற்றல். பேசுவோர் இருவருக்கும் இடையே நீர் என ஒன்று இருப்பதையே அது மறக்கச் செய்வதால், வழக்கமான தீர்வுகளுள் அதுவே மிகவும் சோம்பலானது. சஹுவாகின் 120 அடிக்குள் உள்ள எந்தச் சுறாவையும் இவ்வாறே ஏவலாம் என்கிறது விதி. முத்துக்குளிப்பிலும் சுறாவோடு பேசுவோர் இருந்தனர்: கடல்கட்டி எனப்பட்ட மந்திரக்காரர்கள் சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லி மந்திரம் ஓதினர்; அவர்கள் இன்றிக் குளிப்போர் கடலில் இறங்க மறுத்ததால் ஆங்கில அரசே அவர்களுக்கு ஊதியம் அளித்தது. காற்றில் எழும் ஒலியின் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கே நீர்ப்பரப்பைக் கடந்து உள்ளே செல்லும். அந்த மந்திரம் சுறாவின் செவியை எட்டியிருக்க வழியில்லை. கயிற்றைப் பற்றிக்கொண்டு படகின் விளிம்பில் நின்றவருக்கு அது தெளிவாகவே கேட்டது.