நல்ல பண்ணயக்காரர் என்ற சிக்கல்

கொங்கு நாட்டில் பண்ணயத்து ஆட்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் பெரியவர்கள் தவறாமல் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. “நாங்கெல்லாம் ஆளுக்காரப் பையன வீட்டுப் புள்ளையாட்டத்தானுங்க வெச்சிருந்தோம்.” சொல்பவர் பொய் சொல்லவில்லை. பொங்கலுக்குத் துணி எடுத்துக் கொடுத்திருப்பார். காய்ச்சலென்றால் வைத்தியரிடம் கூட்டிப் போயிருப்பார். பையன் பெரியவனானதும் கல்யாணச் செலவுக்குக்கூடப் பணம் தந்திருப்பார். அந்தப் பணமும் கணக்கில் ஏறியிருக்கும் என்பதை மட்டும் அவர் சொல்லியிருக்க மாட்டார்.

அடிமை வாழ்வை எழுத வரும் எந்த நாவலுக்கும் இந்த வாக்கியம்தான் உரைகல். சவுக்கோடு நிற்கும் கொடியவனைக் காட்டிக் கண்ணீர் வரவழைப்பது எளிது. அவனோடு எந்த வாசகரும் தன்னைச் சேர்த்துப் பார்ப்பதில்லை; புத்தகத்தை மூடும்போது மனம் லேசாகிவிடும். நல்லவர் ஒருவரை நடுவில் வைத்து, அவருடைய நல்ல குணத்தைக் குறைக்காமல், அந்த ஏற்பாடே அநீதி என்று நிறுவுவதுதான் கடினம். கொங்கு மண்ணிலிருந்தே எழுந்த பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000) அதைச் செய்திருக்கிறது. அதன் வலிமையையும் குறையையும் எடைபோட, முன்னே வந்த இரண்டு நாவல்களை அருகில் வைத்துப் பார்ப்பது உதவும்.

முதலாவது, உலகம் அறிந்தது. ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ 1852இல் நூலாக வந்து, முதல் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஏறத்தாழ 3 லட்சம் படிகள் விற்றது. அதில் அடிமை டாமை அடித்துக் கொல்ல வைக்கும் எஜமான் லெக்ரீயைத்தான் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் நாவலின் அறக்கூர்மை லெக்ரீயிடம் இல்லை. அவனுக்கு முன்னால் வரும் இரண்டு நல்லவர்களிடம் இருக்கிறது. கென்டக்கியின் ஷெல்பி கண்ணியமானவர். கடன் கழுத்தை நெரித்ததும் டாமையும் அடிமைப் பெண் எலிசாவின் சின்ன மகனையும் விற்க ஒப்புக்கொள்கிறார். நியூ ஆர்லியன்சின் செயின்ட் கிளேர் இன்னும் ஒரு படி மேல். டாமுக்கு விடுதலை தருவதாக வாக்களிக்கிறார். பத்திரம் முடிவதற்குள் ஒரு கைகலப்பில் குத்துப்பட்டு இறந்துபோகிறார். அவர் மனைவி டாமை ஏலத்துக்கு அனுப்பிவிடுகிறாள். ஒரு நல்லவரின் கடனும் இன்னொரு நல்லவரின் சாவும் சேர்ந்துதான் டாமை லெக்ரீயின் கையில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. இன்னொருவர் உயிர் உங்கள் சொத்தாக இருக்கும்வரை உங்கள் இரக்கத்துக்கு உத்தரவாதம் கிடையாது என்பதை ஸ்டோ கதையின் போக்கிலேயே நிறுவிவிடுகிறார்.

அவருடைய குறையும் பெரியது. டாமின் பொறுமை அவனைத் தியாகியாக்கி, மனிதனாக இருக்க விடாமல் செய்துவிடுகிறது. கோபப்படும் ஜார்ஜ் ஹாரிசுக்கோ, எலிசாவின் கணவனுக்கு, அமெரிக்காவில் இடமில்லை. கடைசியில் ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்குப் போய்விடுகிறான். இந்தக் கண்ணீர் கருப்பரின் முழு மனிதத்தை மறைத்துவிடுகிறது என்று கருப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் 1949இல் கடுமையாக எழுதினார். அந்தக் கண்டனம் இன்றும் செல்லும். பாதிக்கப்பட்டவன் புனிதனாக இருந்தால்தான் நம் பரிவு கிடைக்குமென்றால், அந்தப் பரிவும் அவன்மேல் வைக்கும் ஒரு நிபந்தனைதான்.

இரண்டாவது நாவல் கோவை மாவட்டத்து மலையில் பிறந்தது. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்த பி.எச்.டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’ 1969இல் வெளிவந்தது. கோவை எழுத்தாளர் இரா.முருகவேளின் மொழிபெயர்ப்பில் அது ‘எரியும் பனிக்காடு’ ஆனது. பாலாவின் ‘பரதேசி’ (2013) திரைப்படம் அதைத் தழுவியே எடுக்கப்பட்டது. திருநெல்வேலிச் சீமையின் வறண்ட கிராமத்திலிருந்து கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு மலையேறுகிறார்கள். அங்கே அவர்களைக் கட்டிப்போடச் சங்கிலி தேவைப்படவில்லை. பற்றுவரவு நோட்டு போதுமாக இருக்கிறது. அட்டைக்கடி, மலேரியா, ஓயாத மழை எல்லாவற்றையும் தாங்கியபின் கணக்குப் பார்த்தால் தோட்டம் இவர்களுக்குத் தர வேண்டியது ஒன்றுமில்லை, இவர்கள்தான் தோட்டத்துக்குத் தர வேண்டும்.

இதன் பின்னணியில் உள்ள சட்டங்களைப் பார்த்தால் நாவலின் கூர்மை விளங்கும். 1843ஆம் ஆண்டின் சட்டத்தோடு, கம்பெனி ஆட்சிப் பகுதிகளின் நீதிமன்றங்கள் ஒருவரை இன்னொருவரின் அடிமையென ஏற்பது நின்றது. 16 ஆண்டுகள் கழித்து, 1859இல், முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போவதைத் தண்டனைக்குரியதாக்கும் சட்டம் வந்தது. தோட்ட முதலாளிகளின் வசதிக்காக 1903இல் சென்னை மாகாணத்தில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. ஆளை வாங்குவதைத் தடுத்த கையே ஆளின் கடனை வாங்குவதற்கு வழிவிட்டது. டேனியல் இந்தக் கணக்கை வரிவரியாகக் காட்டுகிறார். தமிழ் வாசகருக்கு அது பெரும் கொடை.

அவர் சறுக்கும் இடமும் உண்டு. ஆபிரகாம் என்ற நல்ல மருத்துவர் வந்தபிறகு நாவலின் அறச்செயல் முழுவதும் அவர் கைக்குப் போய்விடுகிறது. ஆசிரியரே மருத்துவர் என்பதால் அது இயல்பாக நேர்ந்திருக்கலாம். ஆனாலும் கருப்பனும் வள்ளியும் மெல்லமெல்லக் காப்பாற்றப்பட வேண்டியவர்களாகச் சுருங்குகிறார்கள். நல்ல எஜமான் இருந்த இடத்தில் இப்போது நல்ல மீட்பர்.

‘கூளமாதாரி’யில் மீட்பர் யாரும் வருவதில்லை. கவுண்டர் பண்ணயத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட அருந்ததியச் சிறுவன் கூளையன். அவனுடைய சம்பளம் அவன் அப்பனிடம் போகிறது. அவனுக்குக் கிடைப்பது சோறும் வசவும். நெடும்பன், வவுறி, செவிடி என்று அவனைப் போலவே வெவ்வேறு பண்ணயங்களில் ஆடு மேய்க்கும் பிள்ளைகள் கூட்டாளிகள். எல்லாமே உடம்பை வைத்து வந்த பெயர்கள். குட்டையானவன் கூளையன், நெட்டையானவன் நெடும்பன். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கூப்பிடத் தேவையில்லை என்று நினைக்கும் உலகத்தில் இந்தப் பிள்ளைகள் வாழ்கிறார்கள். ஆசிரியர் அதைச் சுட்டிக்காட்டிப் புலம்புவதில்லை. நாவல் முழுக்க அதே பெயர்களாலேயே அழைத்துக்கொண்டு போகிறார். ஒரு கட்டத்தில் நாமும் பழகிவிடுகிறோம். அந்தப் பழக்கம்தான் குற்றம் என்று பிறகு உறைக்கிறது.

நாவலின் உயிர் பண்ணயக்காரரின் மகன் செல்வனுக்கும் கூளையனுக்கும் இடையே உள்ள நட்பில் இருக்கிறது. இருவரும் சேர்ந்து திரிகிறார்கள், விளையாடுகிறார்கள், ஒரே கிணற்றில் நீந்துகிறார்கள். அந்த நேசம் பொய்யில்லை. ஆனால் செல்வன் விரும்பும்போது நண்பனாக இருக்கலாம், வேண்டாதபோது கவுண்டர் வீட்டுப் பையனாக மாறிக்கொள்ளலாம். கூளையனுக்கு அந்த இரண்டாவது கதவு கிடையாது. நண்பனாக இருக்கும்போதும் அவன் ஆளுக்காரப் பையன்தான். “வீட்டுப் புள்ளையாட்டம்” என்ற வாக்கியத்துக்கு இதைவிடத் தெளிவான பதிலைத் தமிழில் நான் படித்ததில்லை. வீட்டுப் பிள்ளைக்குக் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுக்க உரிமை உண்டு. ஆளுக்காரப் பிள்ளைக்கு அது இல்லை.

பண்ணயக்காரரையும் பெருமாள்முருகன் அரக்கனாக்கவில்லை. வெள்ளாமையும் ஆடுமாடும் கவலையுமாக இருக்கும் சாதாரணக் குடியானவர்தான் அவர். தேங்காய் திருடியதற்காகக் கூளையனைக் கிணற்றுக்குள் தலைகீழாகத் தொங்கவிடும்போதும், தான் செய்வது கொடுமை என்று அவருக்குத் தோன்றுவதில்லை. ஒழுங்கு கற்றுக்கொடுப்பதாகவே நினைப்பு. பையன்கள் நீந்தி மகிழும் இடமும் தண்டனை நிறைவேறும் இடமும் கிணறுதான். முடிவும் கிணற்றுத் தண்ணீரிலேயே நிகழ்கிறது. விளையாட்டு விபரீதமாகிறது, கூளையனின் கைகளுக்குள் அதுவரை அடங்கிக்கிடந்த ஏதோ ஒன்று வெளியே வருகிறது. டாம் மன்னித்துக்கொண்டே சாகிறான். கூளையன் அப்படிப்பட்ட புனிதன் அல்ல. அவனுடைய கோபம் அவனுக்கே புரியாத கோபம். அதற்கு மன்னிப்பும் கேட்காமல், அதைக் கொண்டாடவும் செய்யாமல் வைத்துவிட்டுப் போவது இந்நாவலின் மிகப்பெரிய அறத்துணிவு.

இனிக் குறைகள். முதலாவது, முடிவின் துணிவே ஒரு வரம்பாகவும் ஆகிறது. அடங்கிக் கிடப்பது அல்லது அழிவது என்ற இரண்டைத் தவிர மூன்றாவது வழி நாவலின் கண்ணில் படவில்லை. பண்ணயத்தை விட்டு வெளியேறித் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் கூலிகளாகப் போனவர்கள், சங்கம் கட்டியவர்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் என்று அருந்ததியர் தாங்களே தேடிக்கொண்ட வழிகள் கொங்கு நாட்டின் வரலாற்றில் உண்டு. மேய்ச்சல் காட்டின் எல்லைக்குள்ளேயே நிற்கும் பார்வை அந்த வரலாற்றை வெளியே விட்டுவிடுகிறது.

இரண்டாவது, அழகு. பனையும் வேம்பும் வெயிலும் ஆட்டுக்குட்டிகளும் பக்கம் பக்கமாக மனதை இழுக்கின்றன. பிள்ளைகளிடம் மிஞ்சியிருக்கும் மகிழ்ச்சியைச் சொல்ல அது தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சில இடங்களில் அந்த அழகு வாசகருக்கு ஊர் நினைவின் சுகத்தைக் கொடுத்து, பட்டியில் ஆடுகளோடு படுத்திருப்பவன் ஒரு சிறுவன் என்பதை மறக்கடிக்கிறது. மூன்றாவது, வவுறியும் செவிடியும். பெண்பிள்ளைகள் சுமக்கும் கூடுதல் பாரம் தெரிகிறது. அவர்கள் மனதுக்குள் நாவல் கூளையனிடம் போன அளவு ஆழமாகப் போகவில்லை.

நான்காவதாகச் சொல்லப்படும் ஒன்றை நான் பாதிதான் ஏற்கிறேன். கவுண்டர் குடும்பத்தில் பிறந்தவர் அருந்ததியச் சிறுவனின் மனதை எழுதலாமா என்பது அந்தக் கேள்வி. எழுதலாம், ஆனால் அது அருந்ததியர் தாங்களே எழுதும் எழுத்துக்கு ஈடாகாது. பெருமாள்முருகனால் மட்டுமே செய்ய முடிந்த காரியம் வேறு. பண்ணயக்கார வீட்டின் உள்ளே நிலவும் சுய நியாயத்தை, அதன் பேச்சோடும் பாசத்தோடும் அவர் அறிந்து எழுதியிருக்கிறார். தன் வீட்டை நோக்கித் திருப்பிய சாட்சியம் அது. அந்த அளவில் அதற்கு மாற்று இல்லை.

இதையெல்லாம் அடிமைத்தனம் என்று சொல்வது மிகை என்போர் உண்டு. ஏலம் போட்டு விற்கவில்லையே, சோறு போட்டார்களே என்பார்கள். அமெரிக்காவில் நடந்ததும் இங்கே நடந்ததும் ஒன்றல்ல என்பது சரிதான். ஆனால் சட்டமே இந்த வாதத்தைத் தாண்டி வந்துவிட்டது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. கடனுக்காக உழைப்பைக் கட்டிப்போடுவதை அது குற்றமாக்கியது. ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் இன்னும் மேலே போனது. பசியின் நெருக்கடியால் ஒருவர் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைக்க நேர்ந்தால் அதுவும் அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்றது. அடிக்கவில்லை, விரட்டவில்லை என்பது பதிலாகாது. கூளையனின் கதை சொல்வதும் அதையேதான்.

மேட்டுப்பாளையத்துக்காரர்களுக்கு இது பழங்கதை அல்ல. 2019 டிசம்பர் 2 அதிகாலை, பெருமழையில், அங்குள்ள நடூரில் ஏறத்தாழ 20 அடி உயரச் சுற்றுச்சுவர் இடிந்து ஓட்டு வீடுகள்மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். எல்லாரும் தலித்துகள், பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். அது தீண்டாமைச் சுவர் என்று தலித் அமைப்புகள் சொன்னன. சுவர் ஆபத்தாக இருக்கிறதென்று முன்பே முறையிட்டதாக அங்கே குடியிருந்தவர்கள் கூறினார்கள். விவாதம் உடனே சுவர் கட்டியவரின் மனதைப் பற்றியதாக மாறியது: சாதி எண்ணத்தோடு கட்டினாரா, வீட்டுப் பாதுகாப்புக்காகக் கட்டினாரா? மூன்று நாவல்களையும் படித்தவருக்கு இந்தக் கேள்வி போதாது என்று தெரியும். சுவரின் மறுபக்கம் வாழ்ந்தவர்களின் முறையீட்டுக்கு ஏன் எடையில்லாமல் போனது என்பதே கேட்க வேண்டியது. ஒருவரின் உள்ளம் சுத்தமாக இருந்தாலும் அந்த எடையின்மை கொல்லும்.

கொங்கு மண்டலத்துப் பஞ்சாலைகளில் ‘சுமங்கலி’ போன்ற பெயர்களில் நடந்த திட்டங்களுக்கும் இதே அளவுகோல்தான். ஏழை வீட்டுப் பெண்கள் மில் விடுதியிலேயே தங்கி, ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்து, ஒப்பந்தம் முடிந்தபின் மொத்தத் தொகையாகப் பணம் பெறுவார்கள். அது கல்யாணத்துக்கு உதவும் என்றார்கள். இடையில் உடம்பு முடியாமல் கிளம்பினால் அந்தத் தொகை என்ன ஆகும் என்று கேட்டால், உதவிக்கும் பிணைக்கும் உள்ள வேறுபாடு புரிந்துவிடும்.

அதனால் இந்த நாவல்களைக் கல்லூரியில் பாடமாக வைப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். “ஆசிரியர் மனிதநேயத்தை வலியுறுத்துகிறார்” என்று விடை எழுத வைத்து முடித்துவிடாதீர்கள். பண்ணயக்காரர் நல்லவரா கெட்டவரா என்று மாணவர்கள் வாதாடட்டும். வாதாடி முடித்தபின், கூளையன் ஒருநாள் காலையில் “நான் போறேன்” என்று சொன்னால் என்ன நடக்கும் என்று கேளுங்கள். அவனைப் போக விடாதது எது, அந்தக் கணக்கு நோட்டு யார் கையில் இருக்கிறது, அவன் வாயால் ஒரு தடவையாவது அது வாசிக்கப்பட்டதா? பிறகு தங்கள் ஊரில் தோட்டம், செங்கல் சூளை, மில், மண்டி என்று தெரிந்த இடம் ஒன்றில் அதே கேள்வியைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். விடை சங்கடமாக வந்தால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். அந்த மாணவர் நாவலைச் சரியாகப் படித்திருக்கிறார்.