வெட்டாமல் விட்ட இடத்தைப் பாருங்கள்

ஸ்டென்சில் வேலையை ரசிக்க ஓவியக் கண்காட்சிக்குப் போகவேண்டாம். தருமபுரி ரயில் நிலையத்தில் சரக்கு ரயில் ஏதாவது நின்றால், வேகன் மேலுள்ள 11 இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் வேகனின் ரகம், அடுத்த இரண்டு அது எந்த ரயில்வேக்குச் சொந்தம், அதற்கடுத்த இரண்டு தயாரான ஆண்டு.

இனி வடிவத்தைக் கவனியுங்கள். 1, 2, 3, 5, 7 முழுசாக இருக்கும். 0, 4, 6, 8, 9 அங்கங்கே அறுந்து நிற்கும். எண்ணை வெட்டியெடுக்கும் ஸ்டென்சில் தகட்டில் 0-வைச் சுற்றிலும் வெட்டினால் நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும் அல்லவா? அதைப் பிடித்துக்கொள்ள வெட்டாமல் விடும் குறுகிய பட்டைதான் ‘பாலம்’. மெல்லிசாக விட்டால் தகடு சீக்கிரம் வளைந்துபோகும். அகலமாக விட்டால் எண் எட்டத்திலிருந்து புரியாது. சில பெயிண்டர்கள் அந்த இடைவெளியைப் பிறகு பிரஷ்ஷால் நிரப்பிவிடுவதும் உண்டு.

தமிழ் எழுத்தில் இந்தச் சிக்கல் இன்னும் சுவாரசியம். ‘பட்டா’ என்பதை ஒரு பாலமும் இல்லாமல் வெட்டிவிடலாம். ‘கண்ணன்’ அப்படி மசியாது. ஒவ்வொரு சுழிக்கும் பாலம் கேட்கும்.

அடுத்து விளிம்பு. பிரஷ்ஷில் பெயிண்டைக் கிட்டத்தட்ட வழித்துவிட்டு, செங்குத்தாகப் பிடித்து ஒற்றினால் விளிம்பு கத்தி மாதிரி விழும். பெயிண்ட் தளும்பினால் தகட்டுக்கு அடியில் கசிந்து ஓரம் பிசிறும். ஸ்ப்ரே அடிக்கும்போது தகடு சுவரோடு ஒட்டாவிட்டால் எழுத்தைச் சுற்றிப் புகைபோலப் படியும். கைப்பக்குவம் தெரிவது இங்கேதான்.

மார்கழியில் கடைக்கு வரும் கோல அச்சுத் தட்டையும் கையில் எடுத்துப் பாருங்கள். சிக்குக் கோலம் முழுக்க மூடிய வளைவு. கோட்டை அப்படியே வெட்டினால் தட்டு துண்டு துண்டாகிவிடும். அதனால் கோட்டின் போக்கில் பொடித்துளைகள் போட்டிருப்பார்கள். துளைக்கும் துளைக்கும் நடுவே உள்ள இடமெல்லாம் பாலம். துணியில் அச்சிடுவதற்கான காகித ஸ்டென்சில்களில் ஜப்பானியர்கள் இதே சிக்கலைப் பட்டு நூல் கொண்டு தீர்த்தார்கள். வண்ணம் ஏறிய பிறகு நூலின் தடமே தெரியாது.

பாலத்தை மறைத்தவர் கெட்டிக்காரர். பாலத்தையே வடிவத்தின் அழகாக்கியவர் கலைஞர். வித்தியாசம் பிடிபட வேண்டுமா? பழைய எக்ஸ்ரே ஃபிலிம் ஒன்றில் உங்கள் பெயரை வெட்டிப் பாருங்கள். எத்தனை பாலம், எங்கே என்று முடிவுசெய்ய நீங்கள் திணறும் நேரம்தான் இந்தக் கலைக்கான முதல் பாடம்.