மலையக நாவலும் முதற்பிரதியின் நிறைவும்

கொழும்பிலிருந்து பதுளை செல்லும் கோச்சிப் பாதையில், வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் நடுவே அமைந்த சிறு நிலையமாகிய றொசல்லயையும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களையும் அறிந்தவர்கள், அங்கே எழுத்தில் ஆர்வம் கொண்ட ஆசிரியர்களுடனும் தோட்ட உத்தியோகத்தர்களுடனும் லயத்து இளைஞர்களுடனும் ஓரளவு நெருங்கிப் பழகியிருந்தால், ஒரு விசித்திரத்தைக் கவனித்திருப்பார்கள். சிறுகதை இருக்கிறதா என்று கேட்டால் இரண்டு மூன்றை உடனே எடுத்து நீட்டுகிற அதே கை, நாவல் என்ற பேச்சு எழுந்தவுடன் சற்றுத் தயங்கிப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து வைக்கும். அந்தக் கொப்பியில் கதை பாதியில் நிற்கும். மலையகத் தமிழ் இலக்கியத்தின் வரலாற்றைச் சிறுகதையின் வழியாகவும் கவிதையின் வழியாகவும் எழுதியோர் பலர் உண்டு; நாவலின் வழியாக எழுத முற்படுகிறவன், எழுதி முடிக்கப்பட்ட நூல்களோடு முடிக்கப்படாத இக்கொப்பிகளையும் கருத்திற் கொள்ளவேண்டியவனாகிறான்.

தொடக்கம் வறுமையானதன்று. ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படும் ‘அசன்பே சரித்திர’த்தை 1885இல் வெளியிட்ட சித்திலெப்பை, யாழ்ப்பாணத்தவரோ கொழும்பினரோ அல்லர், மலைநாட்டின் தலைநகராகிய கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர். ஆனால் அவருடைய கதை நிகழும் உலகம் எகிப்து முதலிய தேசங்களாதலின், அக்காலத்தில் கோப்பிப் பயிர் அழிந்து தேயிலை பரவிக்கொண்டிருந்த அண்டை மலைகளும், அங்கே தென்னிந்தியாவிலிருந்து வந்து குடியேறிய கூலி மக்களும் அதில் இடம்பெறவில்லை. அம்மக்களின் துயரத்தை உரைநடையில் வலிமையாக எடுத்துரைத்த முதல் பெருங்கலைஞர் புதுமைப்பித்தன் என்றால் அது மிகையாகாது. 1935இல் ‘மணிக்கொடி’யில் வெளிவந்த ‘துன்பக்கேணி’, நெடுங்கதையின் அளவிலேயே நின்றுவிட்டபோதிலும், ஒரு நாவலுக்கு உரிய தலைமுறை விரிவைத் தன்னுள் அடக்கியது. மலையகத்தைக் களமாகக் கொண்ட நாவல் ஊன்றி நின்ற ஆண்டாக 1964ஐச் சொல்லலாம். கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’யும், மருத்துவராகிய நந்தியின் ‘மலைக்கொழுந்து’ம் அவ்வாண்டிலேயே நூல்களாயின. நான்கு ஆண்டுகளின்பின் யோ. பெனடிக்ற் பாலனின் ‘சொந்தக்காரன்’ வந்தது.

இவர்களுக்கு முன்னும் பின்னுமாக, மலையகத்தின் மண்ணிலேயே பிறந்து, அதன் தொழிற்சங்க வாழ்விலும் அரசியலிலும் தோய்ந்து எழுதியவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்ற அவர், மறு ஆண்டில் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தினால் தம்மைத் தெரிந்தனுப்பிய மக்களே நாடற்றோராக்கப்பட்டதைக் கண்ணாற் கண்டவர். கூட்டம், வேலைநிறுத்தம், வழக்கு, பயணம் என்று ஓய்வொழிச்சலற்றிருந்த இந்த மனிதர் ‘வீடற்றவன்’, ‘எல்லைப்புறம்’, ‘வாழ்வற்ற வாழ்வு’ போன்ற கதைகளை எவ்வாறு எழுதி முடித்தார் என்ற வினாவுக்கு விடை, அக்காலத்துத் தினசரிகளின் வாரப் பதிப்புகளில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். தொடர்கதை என்பது எழுத்தாளனுக்கு விதிக்கப்பட்ட ஒரு தவணை. அச்சுக்கூடம் காத்திருக்கும், வாசகன் காத்திருப்பான், முந்திய வாரத்து அத்தியாயம் ஏற்கெனவே அச்சேறிவிட்டமையால், அதனை மாற்றி எழுதும் சபலத்துக்கே இடமில்லை. முன்னேறிச் செல்வதைத் தவிர வேறு வழியற்ற அந்த நிர்ப்பந்தமே பல நாவல்களுக்குத் தாயாயிற்று. ‘வீடற்றவன்’ இவ்வாறு தொடராக வந்து, நெடுங்காலம் பழைய பத்திரிகைத் தாள்களில் உறங்கி, 1981இலேயே நூலுருப் பெற்றது. 1981இன் வன்செயலைப் பின்னணியாகக் கொண்ட ‘இனிப்படமாட்டேன்’ என்னும் நாவல், அவர் காலமான 1984இல் வெளிவந்தது. எழுபதை எட்டிய ஒரு முதியவர், தம் மக்கள்மேல் நேர்ந்த கொடுமையின் சூடு ஆறுமுன் ஒரு முழு நாவலை எழுதி முடித்தார் என்பதை நினைக்கும்போது, நம்முடைய சாக்குப்போக்குகள் பலவும் வலுவிழந்துபோகின்றன.

எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட வேளையில், வீரகேசரிப் பிரசுரம் மலிவு விலையில் நாவல்களை அடுத்தடுத்து வெளியிட்டது. தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ 1974இலும், கே. ஆர். டேவிட்டின் ‘வரலாறு அவளைத் தோற்றுவிட்டது’ 1976இலும், தி. ஞானசேகரனின் ‘குருதிமலை’ 1979இலும் வெளிவந்தன. தோட்டக் காணிகள் பறிபோவதை எதிர்த்து நின்ற தொழிலாளரின் போராட்டத்தைச் சொல்லும் ‘குருதிமலை’ சாகித்திய விருதும் பெற்றது. ஒரு பதிப்பகம் வாயிற்கதவைத் திறந்து வைத்திருந்தது. உள்ளே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமென்ற ஊக்கத்தில் எழுத்தாளர் எழுதி முடித்தனர். கதவு சாத்தப்பட்ட பின்னர் நாவல்களின் வரவும் மெலிந்தது.

சிறுகதைக்கு இத்தகைய தளர்ச்சி நேரவில்லை. வீரகேசரியின் தோட்ட மஞ்சரிப் பகுதியை நடத்திய எஸ். எம். கார்மேகமும் மலைநாட்டு எழுத்தாளர் மன்றத்தாரும் அறுபதுகளில் நடத்திய போட்டிகள் ஒரு தலைமுறையையே எழுத்தில் இறக்கிவிட்டன; பரிசுக் கதைகளின் தொகுதியான ‘கதைக்கனிகள்’ 1971இல் வந்தது. என். எஸ். எம். ராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ 1961இல் தினகரனில் வெளிவந்தபோதே அதன் மேன்மையை வாசகர் உணர்ந்துகொண்டனர். எனினும் அத்தலைப்பில் அவருடைய கதைகள் தொகுதியாவதற்கு 1980 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நாவலாசிரியராக அவர் அறியப்படாமலே 1990இல் மறைந்தார். கொழுந்து மலையில் ஒரு பகற்பொழுதின் உழைப்பையும் அபிமானத்தையும் அத்துணை நுட்பமாகத் தீட்டவல்ல ஒருவர், ஒரு தோட்டத்தின் முப்பதாண்டு வாழ்வை எழுதியிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

காரணங்களை வாழ்வின் அமைப்பிலேயே தேடவேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவும் அதன் முன்னே ஓர் இஸ்தோப்பும் மட்டுமே கொண்ட லயத்து வீட்டில், அடுப்புப் புகையும் குழந்தைகளின் பாடமும் முதியவர்களின் இருமலும் ஒரே கூரையின்கீழ் நடைபெறும். விடியுமுன் பிரட்டுக்குப் போய், பகலெல்லாம் மலையில் நின்று, மாலை நிறுவை முடிந்து கூடையை இறக்கிய பிறகு கிடைக்கிற பொழுது மிகக் குறைவு. மின்சாரம் எட்டாத நெடுங்காலம் அந்தச் சொற்பப் பொழுதும் மண்ணெண்ணெய் விளக்கின் கணக்கில் அளக்கப்பட்டது. இத்தகைய இடத்தில் ஓர் இரவிலே எழுதக்கூடிய வடிவத்தை மனம் நாடுவது இயல்பே. சிறுகதைக்கு ஒரு மழை இரவு போதும். நாவலோ இன்று எழுதியதை மாதங்கள் கழித்தும் மனத்தில் ஏந்தி நிற்கவேண்டிய நீண்ட ஞாபகத்தைக் கேட்கிறது. நாளை எந்தத் தோட்டத்தில், எந்த நாட்டில் இருப்போம் என்பதே நிச்சயமற்றிருந்த ஒரு சமூகத்துக்கு அந்த நீண்ட ஞாபகம் எளிதில் வாய்க்காது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு எண்ணி ஒதுக்கியபோது, அவ்வெண்ணிக்கையில் வாசகர்களும் அடங்கினர், எழுதக்கூடியவர்களும் அடங்கினர்.

இத்தனையும் உண்மையாயினும், இன்று றொசல்லயில் இருந்து எழுதுகிறவனுடைய கொப்பி பாதியில் நிற்பதற்கு இவை மட்டுமே காரணமாகா. அந்தக் கொப்பியைச் சற்று விரித்துப் பார்க்கவேண்டும். தென்மேற்கு மழைக்காலத்தில் ஈரம் ஊறிய தாளில் மை பரவிய முதல் அத்தியாயம் நீல மையில் ஒரு தடவையும், கறுப்பு மையில் ஒரு தடவையும், அதன்மேல் பென்சில் திருத்தங்களோடு மறு தடவையும் எழுதப்பட்டிருக்கும். துரையின் பங்களாவுக்குப் போகும் பாதையின் வருணனை முதற்படியில் நாலு வரி. மூன்றாம் படியில் இரண்டு பக்கம். ஐந்தாம் அத்தியாயத்தில் கதாநாயகியின் பெயர் மாறியிருக்கும். ஏழாம் அத்தியாயத்துக்குத் தலைப்பு மாத்திரம் இருக்கும். பின்பக்கங்களில் சீட்டுக் கணக்கும் கடைக் கணக்கும் வந்துவிடும். ஆரம்ப சூரத்தனம் என்று இதனைத் தள்ளிவிடுவது அநீதி. இங்கே உழைப்பு நிறைய இருக்கிறது. அந்த உழைப்பு முழுவதும் முதல் முப்பது பக்கங்களிலேயே செலவாகிவிட்டது என்பதுதான் துர்ப்பாக்கியம். செடி வளர்ந்து மட்டம் பிடிக்கு முன்னரே எவனும் கத்தியைத் தூக்கிக்கொண்டு கவ்வாத்துக்குப் போவதில்லை என்பது தோட்டத்துப் பிள்ளைகள் அனைவரும் அறிந்த விஷயம். எழுதும்போது மட்டும் அதனை மறந்துவிடுகிறோம்.

உலகத்துப் பெரிய நாவலாசிரியர்களும் இந்த இடத்தில் ஏதோவொரு கட்டுக்குத் தம்மை உட்படுத்திக்கொண்டவர்களே. தஸ்தயேவ்ஸ்கி, ஒரு பதிப்பாளரிடம் எழுதிக் கொடுத்த கடுமையான ஒப்பந்தத்தின் தவணை 1866இல் நெருங்கிவிட்டமையால், சுருக்கெழுத்து அறிந்த அன்னா என்ற இளம்பெண்ணிடம் வாய்மொழியாகச் சொல்லி, இருபத்தாறு நாட்களில் ‘சூதாடி’ என்ற நாவலை முடித்தார். மறு ஆண்டு அன்னா அவருடைய மனைவியானாள். இங்கிலாந்தின் அந்தோனி டிரோலப், தபால் இலாகாவின் உத்தியோகத்தராக இருந்துகொண்டே, தினமும் காலை ஆகாரத்துக்கு முன் கடிகாரத்தை எதிரே வைத்து, கால்மணிக்கு இருநூற்றைம்பது சொற்கள் வீதம் எழுதி, நாற்பத்தேழு நாவல்களை விட்டுச் சென்றார். 1999இல் அமெரிக்காவின் ஸான் பிரான்ஸிஸ்கோவில் சில நண்பர்கள் ஒரே மாதத்தில் ஐம்பதாயிரம் சொற்கள் எழுதுவதென்று தொடங்கிய விரதம், பின்னர் பல தேசங்களில் லட்சக்கணக்கானோர் நவம்பர் தோறும் கைக்கொண்ட வழக்கமாயிற்று. ஒரு மாதம் என்ற அவசரம் நம் சூழலுக்குப் பொருந்தாது. ஆனால் அந்த எண்ணிக்கையைப் பிரித்துப் பார்த்தால், நாளொன்றுக்கு இருநூறு சொற்கள், அதாவது சீ.ஆர். கொப்பியில் ஏறக்குறைய ஒரு பக்கம், எழுதுகிறவன் இருநூற்றைம்பது நாட்களில் ஐம்பதாயிரம் சொற்களை அடைகிறான். திருவிழா, காய்ச்சல், சாவு வீடு, தேர்தல் எல்லாவற்றுக்கும் விட்டுக்கொடுத்தாலும் ஓராண்டுக்குள் ஒரு முழுப் பிரதி கைக்கு வந்துவிடும்.

தமிழின் தலைசிறந்தோருக்கும் முற்றுப்பெறாத பிரதிகள் உண்டு. நாற்பத்திரண்டு வயதில் மறைந்த புதுமைப்பித்தன் ‘அன்னை இட்ட தீ’யை முடிக்கவில்லை, மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் ‘பொன்னியின் செல்வ’னை இடைவிடாது எழுதி நிறைவேற்றிய கல்கி, 1954இன் இறுதியில் காலமானபோது ‘அமர தாரா’ நடுவில் நின்றது, அதனை அவருடைய மகள் ஆனந்தி எழுதி முடித்தார். இவை மரணம் குறுக்கிட்ட இடங்கள். நம்முடைய கொப்பிகளைப் பற்றி அவ்வாறு சொல்வதற்கில்லை. தெளிவத்தை ஜோசப்பின் உதாரணம் நமக்கு அதிக நெருக்கமானது: 1974இல் முதல் நாவலை வெளியிட்ட அவர், சிறுகதைகளிலும், 1997இல் ‘பாலாயி’ என்ற பெயரில் தொகுக்கப்பட்ட குறுநாவல்களிலும், பிறருடைய கதைகளைத் தேடித் தொகுக்கும் அரிய பணியிலும் தம் காலத்தைச் செலவிட்டு, 2010இல் ‘குடை நிழ’லைத் தந்தார். மலையகச் சிறுகதையின் வரலாற்றை நமக்கு மீட்டுத் தந்த அவருக்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆயினும் அந்த நீண்ட இடைவெளியில், வாரந்தோறும் அத்தியாயம் கேட்டு வாசலில் நிற்க ஒரு பத்திரிகை இருந்திருந்தால் இன்னும் இரண்டு மூன்று பெருநாவல்கள் அவரிடமிருந்து கிடைத்திருக்கும் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

எழுதப்படாத விஷயங்களோ குவிந்து கிடக்கின்றன. நாடு கடத்தப்பட்டோரை ஏற்றிக்கொண்டு தலைமன்னாரை நோக்கிப் போன வண்டியை ஒப்பாரிக் கோச்சி என்று மக்கள் அழைத்தார்கள். அது ஹட்டனை விட்டு இறங்கியதும் இந்த றொசல்ல நிலையத்தின் வழியாகவே சென்றது. மு. சிவலிங்கம் அந்தப் பெயரில் ஒரு சிறுகதைத் தொகுதி தந்திருக்கிறார். ஆனால் அந்த வண்டியில் ஏறிய ஒரு குடும்பமும் மேடையில் நின்றுவிட்ட அதன் மறுபாதியும் இரு தேசங்களில் வாழ்ந்த நாற்பதாண்டை, நிதானமாக ஐந்நூறு பக்கத்தில் சொல்லும் நாவல் நமக்கு வேண்டும். 1975இல் தோட்டங்கள் அரசுடைமையானதையும், 1992இல் தனியார் நிர்வாகத்துக்கு மாறியதையும், லயத்தில் பிறந்த பெண்கள் அரபு நாடுகளின் அடுக்களைகளுக்குப் போனதையும், இளைஞர்கள் கொழும்புக் கடைகளில் நின்றதையும் ஒரே குடும்பத்தின் கதையில் கோத்துவிட முடியும். இவற்றை நேரில் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களில் பலர் முதுமையடைந்துவிட்டார்கள்.

பத்திரிகை விதித்த தவணை இன்று இல்லையாதலின், அதனை நாமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். றொசல்ல, ஹட்டன், கொட்டகலைப் பகுதிகளில் நாவலை ஆரம்பித்து வைத்திருப்போர் மூவர் அல்லது நால்வர் மாதந்தோறும் சம்பளம் போட்ட பின் வரும் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு வீட்டில் கூடி, ஒவ்வொருவரும் அம்மாதத்தில் எழுதிய புதிய பக்கங்களை மட்டும் வாசிப்பது என்றும், பழைய அத்தியாயத்தைத் திருத்தி எடுத்துவருவதில்லை என்றும், கதாநாயகியின் பெயர் மாறினாலும் மாறிய பெயரோடே மேலே எழுதிப் போவது என்றும், கடைசி அத்தியாயம் எழுதி முடியும்வரை குற்றங்குறைகளைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை என்றும் ஒரு சங்கல்பம் செய்துகொள்ளலாம். முற்பாதி மட்டும் எழுதப்பட்ட ஒரு நாவல் என்னிடமும் இருக்கிறது. வருகிற தைப்பொங்கலுக்குள் அதன் பிற்பாதியை எழுதி, கொப்பியை அந்த நண்பர்கள் கையில் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். முதல் கூட்டம் ஆனி மாதத்தில், மழைக்கு ஒழுகாத ஒரு வீட்டில் நடக்க இருக்கிறது.